மூச்சு, செபம், வல்லாரைச் சம்பல்

கிளிநொச்சிச் சந்தையில் வல்லாரை கட்டுக் கட்டாக விற்கும். தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுச் சம்பலாக்கி, கடைசியில் தேசிக்காய்ப் புளி விட்டால் வழக்கத்தைவிட ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கும். சோதனைக்குப் படிக்கிற பிள்ளைக்கு ஞாபகசக்தி வரும் என்று தாய்மார் வற்புறுத்தித் தீத்தி விடுவார்கள். இந்த இலையை வைத்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியானது. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நலமாக இருந்த 40 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 12 கிராம் வல்லாரையும் மற்றதற்கு வெறும் போலி மருந்தும் கொடுத்தார்கள். பிறகு எதிர்பாராத நேரத்தில் பெரிய சத்தம் எழுப்பி, உடல் எவ்வளவு திடுக்கிடுகிறது என்று கருவி வைத்து அளந்தார்கள். வல்லாரை எடுத்தவர்களின் திடுக்கிடல் அரை மணி நேரத்திலும் ஒரு மணி நேரத்திலும் குறைந்திருந்தது.

சத்தத்துக்குத் திடுக்கிடுவது என்னவென்று வன்னி மக்களுக்கு எந்த ஆய்வுகூடமும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் குனிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உலங்குவானூர்தி தாழப் பறந்தால் பேச்சு அப்படியே நின்றுபோகும். போர் முடிந்தது 2009 மே மாதத்தில். உடம்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேர அதைவிட அதிக காலம் எடுக்கிறது.

ஸ்கந்தபுரம் அப்படிப்பட்ட ஓர் ஊர். ஏ-9 வீதிக்கு மேற்கே, அக்கராயனுக்கு அருகில், குளத்துத் தண்ணீரையும் நெல்லையும் நம்பி இருக்கும் கிராமம். 1996இல் ‘சத்ஜய’ படை நடவடிக்கையில் கிளிநொச்சி நகரம் வீழ்ந்தபோது, நகரத்து மக்கள் ஸ்கந்தபுரம், அக்கராயன் பக்கமாக ஓடிவந்தார்கள். கிளிநொச்சி வைத்தியசாலையே அந்த நாட்களில் அக்கராயனில் இயங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து 1995 ஒக்டோபரில் புறப்பட்டு வந்தவர்களும் அதற்கு முன்பே வன்னியில் மரங்களுக்குக் கீழே கொட்டில் போட்டிருந்தார்கள். பிறகு 2008இன் பிற்பகுதியில் இடம்பெயர்ந்தோரை ஏற்றுக்கொண்ட அந்த ஊரே இடம்பெயர்ந்தது. விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், அதன்பின் செட்டிகுளம் மனிக் பாம் முகாம். திரும்பி வந்தபோது வளவில் பற்றை வளர்ந்திருந்தது. கண்ணிவெடி அகற்றியாகிவிட்டதா என்று தெரியாமல் சொந்தக் காணிக்குள் கால் வைக்க முடியாத நிலை.

2009 யூலை முதல் செப்டெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 1,448 பேரிடம் கேட்டு எழுதப்பட்ட அதன் முடிவு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. மொத்தத்தில் 32.6 வீதமானவர்களுக்குப் பதகளிப்பின் அறிகுறிகள் இருந்தன. இடம்பெயர்ந்து இருந்தவர்களை மட்டும் எடுத்தால் அது 48.5 வீதம், அதாவது கிட்டத்தட்ட இரண்டு பேரில் ஒருவர். நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோயைப் பற்றித்தான் வெளியுலகம் அதிகம் பேசியது. ஆனால் அந்தக் கணக்கெடுப்பில் அது 7 வீதம். ஊரை அதிகம் பிடித்திருந்தது பதகளிப்புத்தான்.

அதை ஒரு நோயென்று சொல்லிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் குறைவு. நெஞ்சு படபடக்குது, மூச்சு முட்டுது, தலை அம்முது, கை கால் விறைக்குது, நித்திரை இல்லை, ஒரே யோசினை என்றுதான் சொல்வார்கள். இவை கற்பனை வலிகள் அல்ல. ஆபத்து என்று மூளை எண்ணிய உடனே அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன, வயிறு வேலையைக் குறைத்துக்கொள்கிறது. செல் விழும்போது பதுங்குகுழிக்குள் பாய்வதற்கு இவை எல்லாம் வேண்டும். செல் நின்ற பிறகும் உடம்பு அதே தயார்நிலையில் இருந்தால்தான் வினை.

இங்கேதான் மூச்சுக்கு வேலை வருகிறது. இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் நாம் நினைத்தவுடன் மாற்ற முடியாது. மூச்சை மாற்றலாம். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடும்போது வேகசு என்ற நரம்பின் வழியாக இதயம் தணிகிறது. தானாக நடக்கும் உடம்பின் இயக்கங்களுக்குள் நாம் எளிதாகக் கைவைக்கக்கூடிய கதவு அதுதான்.

இதை வடக்கில் முறையாக எடுத்துச் சென்றவர்களில் முதலில் சொல்லவேண்டியவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். போர்க் காலத்தில் நெடுநாள் யாழ்ப்பாணத்தில் உளநல மருத்துவராகவும் பல்கலைக்கழக ஆசிரியராகவும் வேலை செய்தவர். போர் தமிழ் மனங்களில் என்ன செய்தது என்பதை ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ என்ற நூலாக 1998இல் எழுதினார். உளநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணக்கூடிய நாடு. மருந்துகள்கூடத் தடைகளைத் தாண்டித்தான் வடக்கே வரவேண்டிய காலம். அப்போது அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் மக்களிடம் ஏற்கெனவே இருந்தவற்றை எடுத்து மருத்துவமாக்கினார்கள். பாயில் மல்லாந்து படுத்து உடம்பைத் தளர்த்தும் சாந்தி ஆசனம், மூச்சைக் கவனித்தல், தசைகளை இறுக்கித் தளர்த்துதல், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப உச்சரித்தல். அந்தச் சொல்லை அவரவர் சமயத்திலிருந்தே எடுக்கச் சொன்னார்கள். சைவர்களுக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு திக்ரு, பௌத்தர்களுக்குப் புத்தம் சரணம். யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கப்பட்ட ‘சாந்திகம்’ நிலையமும் உளவளத்துணையோடு இத்தகைய பயிற்சிகளைப் பரப்பியது.

இது மருந்தில்லாத ஊரின் சமாளிப்பு என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. 2001 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் இத்தாலிய மருத்துவர் லூச்சியானோ பெர்னார்டியின் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. 23 பேரை ஒருமுறை இலத்தீன் மொழியில் ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தைச் சொல்ல வைத்தார்கள். இன்னொருமுறை பௌத்த மந்திரம் ஒன்றைச் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் ஒரே விளைவு. மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது, இதயத்தின் தாளமும் இரத்த அழுத்தத்தின் தாளமும் அதோடு இசைந்து வந்தன. சும்மா இருக்கும் மனிதர் நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது தரம் மூச்சு விடுகிறார் என்பதை நினைத்தால் இதன் பெறுமதி தெரியும். மடு மாதா கோவிலுக்குப் போகும் வழியில் செபமாலை உருட்டும் தாயும், முறிகண்டிப் பிள்ளையாரிடம் தேங்காய் உடைத்துவிட்டு வந்து பஸ்ஸில் கண்மூடி மந்திரம் முணுமுணுக்கும் ஐயாவும் தம்மை அறியாமல் ஒரே நரம்பைத்தான் ஆற்றுகிறார்கள்.

இதைவிட நெருக்கமான ஆதாரம் ஒன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமி, ஏற்கெனவே போரால் நொந்திருந்த வடகிழக்குக் கரையை அடித்தது. அதற்குப் பிந்திய வாரங்களில், ஓர் அகதி முகாமில், மனவடு நோயின் அறிகுறிகள் இருந்த 31 சிறுவர்களுக்கு இரண்டு வகைச் சிகிச்சைகள் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. ஒரு பகுதியினர் ஆறு அமர்வுகளில் தங்கள் வாழ்க்கைக் கதையை, பயங்கரமான பகுதிகளையும் சேர்த்து, ஒழுங்காகச் சொல்லி முடித்தார்கள். மற்றப் பகுதியினருக்கு அதே ஆறு அமர்வுகளில் தியானமும் உடல் தளர்த்தலும். சிகிச்சையைக் கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு பார்த்தபோது கதை சொன்ன குழுவில் 81 வீதமும், தியானக் குழுவில் 71 வீதமும் மீண்டிருந்தார்கள். புள்ளிவிபர அடிப்படையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 31 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். சிகிச்சையே பெறாத குழு ஒன்று ஒப்பிட இருக்கவுமில்லை. என்றாலும் 2009இல் இதை வெளியிட்ட ஆய்வாளர்கள், காலப்போக்கில் தானாகவே குணமாகும் அளவைவிட இது கூடுதல் என்று மதிப்பிட்டார்கள். நம் மண்ணில், நம் பிள்ளைகளிடம், நம் மொழி பேசியவர்கள் செய்து காட்டியது என்பதால் எந்த வெளிநாட்டுக் குளிசைப் போத்தலின் விளம்பரத்தைவிடவும் இதற்கு மதிப்புக் கொடுக்கவேண்டும்.

செய்முறை கடினமானதல்ல. சாப்பிட்டவுடன் வேண்டாம். பாயில் படுத்தோ கதிரையில் சாய்ந்தோ, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொள்ளவேண்டும். மூக்கால் மெதுவாக நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடவேண்டும். வயிறு எழும்பித் தாழவேண்டும், நெஞ்சு அவ்வளவாக அசையக்கூடாது. எண்ணுவது பிடிக்காதவர்கள் வெளிமூச்சோடு ஓம் என்றோ யேசுவே என்றோ அல்லாஹ் என்றோ சொல்லலாம். சமய நம்பிக்கை இல்லாதவர்களுக்கு அமைதி என்ற சொல்லே போதும். பிறகு பாதத்திலிருந்து முகம்வரை ஒவ்வொரு பகுதியாகத் தசையை இறுக்கி, சில விநாடிகள் பிடித்து, விடவேண்டும். இந்த இறுக்கித் தளர்த்தும் முறையை 1920களில் சிக்காகோவில் எட்மண்ட் யேக்கப்சன் என்ற மருத்துவர் வகுத்தார். காலையிலும் படுக்கப் போகும்போதும் பத்துப் பதினைந்து நிமிடம். படபடப்பு வந்த நேரத்தில் மட்டும் முதல் தடவையாகச் செய்ய வெளிக்கிட்டால் அது பெரும்பாலும் கைகொடுக்காது. அமைதியான நாட்களில் பழகிய உடம்புதான் அமளியான நாளில் அதை ஞாபகம் வைத்திருக்கும்.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லியே ஆகவேண்டும். கண்ணை மூடினால் பழைய காட்சிகள் பாய்ந்து வருகிறவர்கள் வன்னியில் பலர். அவர்கள் கண்ணைத் திறந்தபடி, எதிரில் உள்ள ஒரு மரத்தையோ விளக்கையோ பார்த்துக்கொண்டு, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு தொடங்கவேண்டும். அப்படியும் காட்சிகள் வந்தால் நிறுத்திவிட்டு உளவளத்துணையாளரிடம் போவதே சரி.

தனியே படுத்து மூச்சுவிடுவது பாதி வைத்தியம். மற்றப் பாதி ஆட்களோடு இருப்பது. போருக்குப் பின் வன்னியைப் பற்றி 2010இல் எழுதிய ஆய்விலும் சோமசுந்தரம் இதையே அழுத்திச் சொன்னார். பாதிக்கப்பட்டது தனி ஆள் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் ஒன்றாகவே உடைந்தன, அதனால் குணமாகுவதும் கூட்டாகத்தான் நடக்கவேண்டும் என்பது அவர் பார்வை. செத்தவீட்டு ஒப்பாரி, எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் தீர்த்தமாடல் எல்லாம் துக்கத்துக்கு ஒரு நாளும் இடமும் ஒதுக்கிக் கொடுக்கின்றன. வைகாசி விசாகத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குப் பொங்கல் என்றால் வன்னியே அங்கே திரளும். விரதம், நடை, கூட்டுப் பாட்டு, சேர்ந்து சாப்பாடு. மனநல மருத்துவர் ஒருவர் தனியாகச் சீட்டில் எழுதித்தரக்கூடிய எல்லாமே அந்த ஓரிரவில் இருக்கின்றன. 2009இல் செத்தவர்களைப் புதைக்கவும் நேரமில்லாமல் ஓடியவர்கள் இந்தச் சடங்குகளையே இழந்தார்கள். பதகளிப்பு இவ்வளவு காலம் நீள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டுத்தோட்டத்தையும் இந்த வரிசையில் வைக்கலாம். நெதர்லாந்தில் 2011இல் வெளியான ஒரு சோதனையில், மனநெருக்கடி தரும் ஒரு வேலையைச் செய்த பிறகு அரை மணி நேரம் தோட்ட வேலை செய்தவர்களுக்கு, அறைக்குள் இருந்து வாசித்தவர்களைவிட நெருக்கீட்டு ஓமோனான கோர்ட்டிசோல் அதிகம் குறைந்தது. மனநிலையும் தெளிந்தது. மீள்குடியேறிய குடும்பங்கள் வீடு முழுதாக எழும்ப முன்பே வளவில் கத்தரியும் பயற்றையும் நட்டதில் வயிற்றுப் பிழைப்பு மட்டுமா இருந்தது? நட்டது முளைக்கும்வரை இங்கேயே இருப்போம் என்ற துணிவும் அதில் இருந்தது.

இனி மூலிகைக்கு வருவோம். பேரெடுத்தது அமுக்கரா. சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவரும் கிழங்கு. 2012இல் ஹைதராபாத்தில் 64 பேரிடம் நடந்த சோதனையில், நாளுக்கு இரண்டு தடவை 300 மில்லிகிராம் வீதம் அதன் சாறைச் செறிவாக்கி 60 நாட்கள் எடுத்தவர்களின் பதகளிப்பு, போலி மருந்து எடுத்தவர்களைவிட நன்றாகக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அதே அமுக்கராவைக் குளிசையாக விழுங்கிய சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்ட பதிவுகள் பல நாடுகளில் வந்திருக்கின்றன. கர்ப்பிணிகளுக்கு அது கூடாது. தைரொயிட் மருந்தோ நித்திரை மருந்தோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடக்கூடாது. பசுபிக் தீவுகளின் காவா வேருக்கும் இதே கதைதான். பதகளிப்பைக் குறைக்கிறது என்று ஐரோப்பா எங்கும் விற்று, ஈரல் பழுதான செய்திகள் வந்ததும் 2002இல் ஜேர்மனி விற்பனையை நிறுத்தியது. வல்லாரையைச் சம்பலாகவும் கஞ்சியாகவும் உண்பதில் பயமில்லை. செறிவாக்கிய குளிசை வேறு விஷயம். அந்தக் கனடா ஆய்வும் நலமானவர்களின் திடுக்கிடலைத்தான் அளந்தது, நோயாளிகளைக் குணமாக்கியதாகச் சொல்லவில்லை. ஆகவே இலை நல்ல துணை உணவு, வைத்தியத்தின் இடத்தை அதற்குக் கொடுக்கமுடியாது. மூலிகைதான் வேண்டுமென்றால், இணையத்தில் விற்கும் போத்தலை விட்டுவிட்டு, பதிவுபெற்ற சித்த வைத்தியரிடம், ஏற்கெனவே எடுக்கும் மருந்துகளையும் கொண்டுபோய்க் காட்டிக் கேட்கவேண்டும்.

மருந்து என்று நினைத்துத் தீமையை வளர்ப்பவையும் உண்டு. கள்ளும் கசிப்பும் முதல் ஒரு மணி நேரம் படபடப்பை அடக்கும். வெறி முறியும்போது நரம்புகள் முன்னையதைவிட அதிகம் துடிக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சடித்து எழும்புகிற குடிகாரருக்கு அது ஏன் என்று தெரிவதில்லை. அதன் பாரம் முழுவதும் வீட்டுப் பெண்கள் தலையில் விழுகிறது. பாக்கில் உள்ள அரக்கோலின் நரம்பைத் தூண்டி நாடியை ஏற்றும், வாய்ப் புற்றுநோயையும் கொண்டுவரும். நித்திரை வராதவர்கள் பின்னேரத்துக்குப் பிறகு குடிக்கும் பிளேன்ரீயை நிறுத்திப் பார்த்தால் ஒரு கிழமையில் வித்தியாசம் தெரியும். மல்லித் தண்ணி குடிக்கலாம், அதில் கபேன் இல்லை.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்கிற ஒரு தாய்க்கும் இரவில் நித்திரை வராமல் இருக்கலாம். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை நெஞ்சில் அணைத்தபடி தாய்மார் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் உட்கார்ந்தார்கள். ஆண்டுகள் போயும் பதில் வரவில்லை. உயிரோடு இருக்கிறானா என்று தெரியாதவனுக்கு அந்தியேட்டி செய்ய முடியாது, செய்யாமல் துக்கத்தை முடிக்கவும் முடியாது. அமெரிக்க உளவியலாளர் பௌலின் பொஸ் இப்படிப்பட்ட முடிவில்லாத இழப்பைப் பற்றி 1999இல் ஒரு நூலே எழுதினார். இத்தகைய துயரத்தில் இருப்பவரை ‘மறந்துவிடு’ என்று அவசரப்படுத்துவது தீங்கு என்பது அவர் தொடர்ந்து சொல்லிவருவது. நித்திரை வராததற்கு நுண்கடன் இன்னொரு காரணம். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் கடன்காரருக்குப் பயந்து பெண்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஒளிந்த நிலைமை அவ்வளவு பரவலாக இருந்தபடியால்தான், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் 2018இல் தள்ளுபடி செய்ய முன்வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. விதைத்தது போய்விட்டதா என்று வயலைப் பார்க்கப் போகும் கமக்காரரின் நெஞ்சு படபடப்பதை நோய் என்று சொல்ல முடியாது. அவருக்கு மூச்சுப் பயிற்சியோடு நட்டஈடும் வேண்டும்.

வைத்தியசாலைக்கு எப்போது போவது? முதல் தடவையாக நெஞ்சு வலியோ மூச்சடைப்போ வந்தால் உடனே. அது இதய நோயாக இருக்கலாம். தைரொயிட் கூடியிருந்தாலும் இரத்தச்சோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால் இரத்தப் பரிசோதனை தேவை. இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் சாப்பாடும் கெட்டிருந்தால், வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போக முடியாமல் இருந்தால், குடியில்லாமல் இருக்க முடியாவிட்டால், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் பொறுத்திருக்கக் கூடாது. கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது, சிகிச்சை இலவசம். ஸ்கந்தபுரத்தவர்கள் முதலில் அக்கராயன் வைத்தியசாலையில் சொன்னாலும் அங்கிருந்து அனுப்பிவைப்பார்கள். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926. மருத்துவரிடம் போகும்போது வீட்டில் எடுக்கும் மூலிகைத் தூள், கஷாயம், குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் எந்த மருந்து எதனோடு மோதுகிறது என்று அவருக்குத் தெரியாமல் போய்விடும்.